மில் வாசலில் படித்த பெயர்

முதலாவது மில் நிர்வாகம். இரண்டாவது போலீஸ். மூன்றாவது கொம்பையா. நான்காவது எதிர்ச் சங்கம். ஐந்தாவது இந்த ஆஸ்பத்திரி.

எனக்கு நடந்த அநியாயங்களை இந்த வரிசையில்தான் சொல்வேன், தம்பி. முன்னே பின்னே மாற்றிச் சொல்கிறவன் பொய் சொல்கிறவன். முப்பத்து நாலு வருஷமாக மேடையில் இதே வரிசைதான். ஐந்தாவது மட்டும் இன்றைக்குக் காலையில் சேர்ந்தது.

இப்போது நீலச் சட்டை போட்ட ஒருவன் அந்த ரத்த வங்கிக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனானே, பார்த்தீர்களா? பார்த்தேன் என்று வாய் திறந்து சொல்லுங்கள். தலையாட்டினால் சாட்சி ஆகாது. சரி. அவன்தான் மூன்றாவது.

எதற்குச் சாட்சி என்று முழிக்காதீர்கள், அதற்கு வருகிறேன். முதலில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். மாடியில், ஆபரேஷன் தியேட்டரில், என் மகள் மேதினி கிடக்கிறாள். மே தினத்தில் பிறந்தவள், அதனால் அந்தப் பெயர். முப்பத்து நாலு வயதில் முதல் பிரசவம். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, ரத்தம் நிறையப் போகும் என்று நாலு மாதம் முன்பே டாக்டரம்மா சொல்லிவிட்டார். குழந்தையை எடுத்துவிட்டார்கள். பெண் குழந்தை. அது அழுதது எனக்குக் கீழே வரைக்கும் கேட்டது. தாய்க்குத்தான் ரத்தம் நிற்கவில்லை. பி நெகடிவ். இங்கே இருந்தது ஒரே ஒரு பை. அது ஏறிக்கொண்டிருக்கிறது. ஓ நெகடிவ் இருந்தாலும் ஏற்றலாமாம், அதுவும் இல்லை. இன்னும் மூன்று பையாவது வேண்டும் என்கிறார்கள். வேறு ஊருக்கு வண்டியில் ஏற்றினால் வழியிலேயே முடிந்துவிடும் என்கிறார்கள்.

முடிந்துவிடும் என்று அவர்கள் சொன்னதைத்தான் சொல்கிறேன். என் வாயால் சொல்லவில்லை.

நான் உலகநாதன். இந்த ஊரில் உலகு அண்ணாச்சி என்றால் ஆட்டோ ஸ்டாண்டில் இருக்கிற சின்னப் பயலுக்கும் தெரியும். நீங்கள் வெளியூர் போலிருக்கிறது. அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷனா? உங்களிடமும் ஒரு பாட்டிலுக்கு ஆள் கேட்டிருக்கிறார்களா? மச்சான் வருவார் என்று கட்டைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். நல்லது. மச்சான் வருகிற வரைக்கும் கேளுங்கள்.

நான் எட்டாம் வகுப்பு வரைதான் பள்ளிக்கூடம் போனேன். மிச்சமெல்லாம் நோட்டீஸில் படித்தது. தொழிலாளர் சட்டம், சீனா, ரஷ்யா, போனஸ் கணக்கு, எல்லாம் நோட்டீஸ்தான். பிறகு நானே நோட்டீஸ் எழுத ஆரம்பித்தேன். ‘வன்மையாகக் கண்டிக்கிறோம்’ என்று ஒரு வரி எழுதினால் மானேஜர் அன்றைக்குச் சாப்பிடமாட்டான். அப்படி எழுதுவேன்.

இந்த ஊருக்கு ஒரே மில். அதன் பெயரை நான் சொல்வதில்லை. நூற்புப் பிரிவில் குடிதண்ணீர்ப் பானை கேட்டதற்காக என்னை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அதுதான் முதலாவது. அதற்காக வேலைநிறுத்தம் செய்தோம். மில் வாசலில் பந்தல் போட்டுத் தொடர் உண்ணாவிரதம். ஒரு குழு எழுந்திருக்கும், அடுத்த குழு உட்காரும். பந்தல் ஒரு நிமிஷம் காலியாக இருக்கக் கூடாது. எல்லாரும் ஒரே நாளில் பட்டினி கிடந்தால் மறுநாள் எல்லாரும் ஆஸ்பத்திரியில் கிடப்பார்கள், அப்புறம் பந்தலில் யார்? அது என்னுடைய ஏற்பாடு. வெளியூர்ச் சங்கத்துக்காரர்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போனார்கள். அந்தப் பந்தலைப் பிரிக்க வந்த போலீஸ் என் இடது தோளை இறக்கியது. அது இரண்டாவது. இன்றைக்கும் மைக்கை வலது கையில்தான் பிடிப்பேன்.

இப்போது மூன்றாவது.

வேலைநிறுத்தத்தின்போது உள்ளே போகிறவன் பெயரை வாசலில் படிப்போம். எப்படிப் படிப்போம் தெரியுமா? எந்தப் பிரிவு, டோக்கன் நம்பர், அப்பன் பெயர், அவன் பெயர். முழுசாக. ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள், நல்லவன் மேல் பழி விழக் கூடாது அல்லவா? படித்து முடித்ததும் கூட்டம் முழுக்க ஒரே குரலில் “கருங்காலி!” என்று சொல்லும். அந்தச் சத்தம் கேட்டவன் அப்புறம் டீக்கடையில் நிற்கமாட்டான். ஆனால் நாங்கள் அநியாயக்காரர்கள் இல்லை. கண்ணால் கண்ட மூன்று சாட்சி இல்லாமல் ஒரு பெயரையும் நான் படித்தது கிடையாது. இவன் போனான், நான் பார்த்தேன் என்று மூன்று பேர் கூட்டத்தில் எழுந்து சொல்ல வேண்டும். அதுதான் சட்டம். கோர்ட்டில்கூட இரண்டு சாட்சி போதும்.

கொம்பையாவுக்கு மூன்று பேர் எழுந்தார்கள். பின் கேட் வழியாகப் போனான் என்றார்கள். ரிங் பிரேம் பிரிவு. என் பிரிவு. என் பக்கத்து வரிசையில் வேலை பார்த்தவன். என்னைவிட ஆறு வயது சின்னவன். அண்ணாச்சி, அண்ணாச்சி என்று என் பின்னாலேயே திரிந்தவன்.

அதற்கு முந்தின நாள் சாயங்காலம் பந்தலுக்கு வந்தான். பொண்டாட்டிக்குப் பிரசவம், ரத்தம் நிறையப் போகிறது என்றான்.

“அண்ணாச்சி, ரெண்டு பேரை அனுப்பி வையுங்க. ரெண்டு பேர் குடுத்தாப் போதும்னு சொல்லுதாவ.”

தம்பி, நிலைமையைப் பாருங்கள். மறுநாள் காலையில் பேச்சுவார்த்தை. பந்தலில் ஆள் குறைந்தால் நிர்வாகம் மாடியிலிருந்து எண்ணிக்கொண்டிருக்கும். பட்டினி கிடக்கிறவன் ரத்தம் கொடுத்தால் மயங்கி விழுவான். பட்டினி கிடக்காதவன் மறுநாள் உட்கார வேண்டியவன். நான் இல்லை என்று சொல்லவில்லை. இதைக் கவனியுங்கள். இல்லை என்ற சொல் என் வாயிலிருந்து வரவில்லை. “நாளைக்கு மத்தியானம் பார்ப்போம்” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். பேச்சுவார்த்தை முடிந்ததும் நானே பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போயிருப்பேன்.

அவனுக்குப் பொறுமை இல்லை. ராத்திரியோடு ராத்திரியாக லேபர் ஆபீசர் காலில் போய் விழுந்திருக்கிறான். மில் ஜீப்பைக் கொடுத்துத் திருநெல்வேலிக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே யாரோ காலேஜ் ஹாஸ்டல் பையன்கள் நாலு பேர் வந்து படுத்து ரத்தம் கொடுத்தார்களாம். பொண்டாட்டி பிழைத்துக்கொண்டாள். பிள்ளையும் பிழைத்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது அல்லவா? அப்புறம் எதற்கு உள்ளே போனான்? ஜீப் கொடுத்தவன் வேலைக்கு வா என்றான், போனான். அவனைப் பார்த்து இன்னும் எழுபது பேர் போனார்கள். வேலைநிறுத்தம் உடைந்தது. பேச்சுவார்த்தையில் ஒரு பானை கொடுத்தார்கள். ஒரே ஒரு மண்பானை.

அன்றையிலிருந்து வருஷம் தவறாமல் வேலைநிறுத்த நாளில் வாசலில் கூட்டம் போட்டு அந்தப் பெயரைப் படிக்கிறேன். மில்லையே மூடிவிட்டார்கள், பன்னிரண்டு வருஷமாகிறது. ஆனால் வாசல் இருக்கிறது. வாசல் இருக்கிற வரைக்கும் கூட்டம் இருக்கும். இப்போது சங்கத்தில் மில்காரன் கொஞ்சப் பேர்தான். ஆட்டோ ஓட்டுகிறவர்கள், லோடு ஏற்றுகிறவர்கள், மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள். அவர்களுக்குக் கொம்பையா யார் என்றே தெரியாது. இருந்தாலும் நான் படித்ததும் “கருங்காலி!” என்று சரியாகச் சொல்லிவிடுவார்கள். பழக்கிவிட்டேன்.

நான்காவதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் மச்சான் வந்துவிடுவார்.

எங்களிடமிருந்து பிரிந்துபோன கும்பல் ஒன்று, அவர்கள் தலைவர் பிறந்தநாளுக்கு ரத்த தான முகாம் நடத்தியது. தொண்ணூற்றெட்டுப் பேர் கொடுத்தார்கள் என்று பேப்பரில் போட்டோ வந்தது. எங்களிடமிருந்து ரத்தத்தைக்கூடத் திருடிவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் இந்த ஊரில் முதன்முதலில் முகாம் நடத்தியவன் நான். இருபது முகாம் நடத்தியிருக்கிறேன். “தொழிலாளியின் ரத்தம் ஒரே நிறம்!” அது என்னுடைய நோட்டீஸ்.

நான் கொடுத்தேனா என்று கேட்கிறீர்களா? நன்றாகக் கேட்டீர்கள். கூட்டம் நடத்துகிறவன் படுத்துவிட்டால் மைக்கை யார் பிடிப்பது? ஆட்களை வரிசையில் நிறுத்த வேண்டும், பிஸ்கட் பாக்கெட் பார்க்க வேண்டும், பத்திரிகைக்காரனைக் கவனிக்க வேண்டும். இருபது முகாமிலும் எனக்கு உட்கார நேரம் கிடைத்ததில்லை.

ஆறு வாரத்துக்கு முன்னால், வேலைநிறுத்த நாளுக்கு இருபதாவது முகாம். ‘நூறு தொழிலாளர் குருதிக்கொடை’ என்று நோட்டீஸ் அடித்துவிட்டேன். மாநிலத் தலைவர் வருகிறார். காலையில் ரத்த வங்கியிலிருந்து அந்த எஸ்தர் மேடம் வந்தார். உள்ளே போனைக் காதில் வைத்துக்கொண்டு இருக்கிறாரே, அந்தக் கண்ணாடிக்காரம்மா, அவர்தான். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“சார், ஒரே நாள்ல நூறு பேர் வேண்டாமே. மாசத்துக்குப் பத்துப் பேராப் பிரிச்சு அனுப்புங்க. நெகடிவ் குரூப் ஆளுங்க இன்னைக்குக் கொடுக்கவே வேண்டாம். போன் நம்பர் மட்டும் கொடுத்துட்டுப் போகட்டும். தேவைப்படும்போது ஒவ்வொருத்தரா நான் கூப்பிட்டுக்கிடுறேன்.”

பிரித்து அனுப்பு என்கிறார்! தம்பி, என் வாழ்க்கையில் பிரித்து வா என்று சொன்னவன் எல்லாம் நிர்வாகத்து ஆள்தான். பத்துப் பத்துப் பேராகப் போனால் சங்கத்தின் பலம் யாருக்குத் தெரியும்? “அம்மா, நாங்க வந்தா ஒண்ணா வருவோம், இல்லைன்னா வரமாட்டோம்” என்றேன். தலைவர் கைதட்டினார்.

மத்தியானம் எண்ணிக்கை தொண்ணூற்றைந்தில் நின்றுவிட்டது. சர்க்கரை, பிரஷர், முந்தின நாள் குடித்தவன் என்று கழித்துவிட்டார்கள். தொண்ணூற்றைந்து! எதிர்ச் சங்கம் தொண்ணூற்றெட்டு! மேடையில் தலைவர் வாட்சைப் பார்க்கிறார். மரத்தடியில் எஸ்தர் மேடம் சொன்னபடி பெயர் கொடுத்துவிட்டு ஐந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். பி நெகடிவ். ஐந்து பேரும் எங்கள் தோழர்கள். மேதினிக்குத் தேவைப்பட்டால் வருகிறோம் என்று வாக்குக் கொடுத்தவர்கள். சரியாக ஐந்து பேர். தொண்ணூற்றைந்தும் ஐந்தும் எவ்வளவு?

படுக்கவைத்தேன். நூறு ஆயிற்று. வெடி போட்டோம்.

இப்போது சொல்லுங்கள், இதில் என் தப்பு என்ன? நான் ரத்தத்தைக் கொண்டுபோய்ச் சாக்கடையிலா ஊற்றினேன்? அவர்கள் கையில்தானே கொடுத்தேன்?

காலையில் டாக்டரம்மா பி நெகடிவ் என்றதும் நான் சிரித்தேன், தம்பி. நெஞ்சை நிமிர்த்திச் சிரித்தேன். என் சங்கத்துக்கா ரத்தப் பஞ்சம் என்றேன். அருணாசலத்துக்குப் போன் போட்டேன்.

“தோழர், நாங்க அன்னைக்குத்தானே குடுத்தோம். மூணு மாசம் ஆகணும்லா?”

ஐந்து பேரும் இதையேதான் சொன்னார்கள். அருணாசலம் மட்டும் மனசு கேட்காமல் ஆட்டோவைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தான். கொடுத்ததே இல்லை என்று சத்தியம் பண்ணினான். எஸ்தர் மேடம் அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: “தம்பி, நூறாவது ஆளு நீங்கதானே? உங்களுக்குத்தானே மாலை போட்டாங்க?” அவன் அழுதுகொண்டே வெளியே போனான். அந்த மாலை நான் போட்டது.

சரி, அந்த ஐந்து பையை எடுங்கள் என்றேன். எங்கள் பை. என் ஆட்கள் கொடுத்த பை. பொறுமையாகச் சொன்னார் அந்தம்மா. ஒன்று விபத்துக் கேசுக்குப் போயிற்று. ஒன்று வெளியூருக்கு அனுப்பினோம். மூன்று பையை அந்தச் சமயத்தில் யாரும் கேட்கவில்லை. “முப்பத்தஞ்சு நாள்தான் சார் அதுக்கு ஆயுசு. போன வாரம் அழிச்சுட்டோம்.”

அழித்துவிட்டார்கள்! என் தொழிலாளி ரத்தத்தை! இதுதான் ஐந்தாவது. இதை எழுதிக்கொள்ளுங்கள். நான் நோட்டீஸ் போடுவேன். மேதினி இறங்கி வரட்டும், போடுவேன்.

“அதான் சார் அன்னைக்கே சொன்னேன்” என்றார் அந்தம்மா.

“தொழிலாளி ரத்தம் ஒரே நிறம்மா!” என்று கத்தினேன். அந்த நேரத்தில் வாயில் அதுதான் வந்தது.

“நிறம் ஒண்ணுதான் சார். குரூப் வேற.”

நான் என் சட்டைக் கையைச் சுருட்டினேன். எனக்கும் பி நெகடிவ்தான், தம்பி. மேதினிக்கு வந்ததே என்னிடமிருந்துதான். எடுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் எடுங்கள் என்று கையை நீட்டினேன். எத்தனை வயது என்று கேட்டார். அறுபத்தெட்டு என்றேன். அந்தம்மா என் கையைப் பிடித்து, சுருட்டிய சட்டையை அவரே இறக்கிவிட்டார். அறுபத்தைந்து தாண்டினால் எடுக்கமாட்டார்களாம். “முப்பது வருஷம் முன்னாடி ஆரம்பிச்சிருந்தா, நூறு தடவை கொடுத்திருப்பீங்க சார்” என்றார். குத்திச் சொல்லவில்லை. ஆறுதலாகத்தான் சொன்னார். அதனால்தான் அது எனக்கு இன்னும் வலிக்கிறது.

அப்புறம் போனில் யாரிடமோ பேசிவிட்டு, “சார், தென்காசியில ஒருத்தர் இருக்கார், நாளைக்குக் காலையில வந்துருவார்” என்றார்.

நாளைக்கு!

அந்தச் சொல்லை என்னிடம் சொல்லாதே என்று கத்தினேன். வேறு எதை வேண்டுமானாலும் சொல், இல்லை என்று சொல், அந்தச் சொல்லைச் சொல்லாதே என்று. ஏன் அப்படிக் கத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை. செக்யூரிட்டி வந்து தோளைப் பிடித்தார். இறங்கின தோள். வலித்தது. அப்படியே இந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். “பயப்படாதீங்க சார். இங்க முறைக்காரங்க இருக்காங்க, அவங்களுக்கும் போன் போட்டாச்சு” என்றார்.

முறைக்காரர்கள் என்றால் யார்? இந்தப் பக்கத்தில் பி நெகடிவ், ஓ நெகடிவ் ஆட்கள் எட்டுப் பேர் இருக்கிறார்களாம். எட்டுப் பேரும் ஒரே சமயத்தில் கொடுக்க மாட்டார்களாம். ஒருவர் கொடுத்தால் அடுத்தவர் காத்திருப்பாராம். எந்த நாளில் கூப்பிட்டாலும் மூன்று பேராவது மூன்று மாதம் கழிந்தவர்களாக இருக்க வேண்டும், அதுதான் ஏற்பாடு. மாலை கிடையாது, போட்டோ கிடையாது. போன் வந்தால் சாப்பிட்டுவிட்டு வருவார்கள், படுத்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

“நீலச் சட்டை அண்ணன் ஒருத்தர், அவர்தான் சார் இந்த முறையை வச்சது” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, தம்பி. யார் என்று தெரிவதற்கு முன்பே. ஏனென்றால் அது என்னுடையது! ஒருவன் எழுந்திருந்தால் அடுத்தவன் உட்கார வேண்டும், பந்தல் காலியாகக் கூடாது. அது என்னுடைய தொடர் உண்ணாவிரதம்! யாரோ என் பந்தலில் இருந்து திருடியிருக்கிறான் என்று நினைத்தேன். நினைத்து முடிக்கவில்லை, வாசலில் மொபெட்டை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு வருகிறான் கொம்பையா.

என்னைப் பார்த்து நின்றான்.

“என்ன செயலாளரே, இங்க இருக்கீய?”

நான் எஸ்தர் மேடத்திடம் திரும்பி, “வேற ஆள் இல்லையா?” என்று கேட்டேன். ஆமாம், கேட்டேன். என் மகள் மாடியில் கிடக்கும்போது கேட்டேன். முப்பத்து நாலு வருஷம் ஒரு சொல்லைச் சொன்ன வாய், ஒரு நிமிஷத்தில் எப்படித் திரும்பும்?

“இன்னும் ரெண்டு பேர் வந்துட்டு இருக்காங்க. ஆனா மூணு பேரும் வேணும் சார்” என்றார் அந்தம்மா.

கொம்பையாவுக்குப் புரிந்துவிட்டது. “மேதினியா?” என்றான். நான் தலையாட்டினேன். அவன் மேலே மாடியைப் பார்த்தான். பிறகு, “யாருக்குன்னு கேக்குத பழக்கம் எனக்குக் கிடையாது. நீங்க இங்க இருந்ததால தெரிஞ்சுபோச்சு” என்றான்.

“உனக்கு என்ன வேணும்? சொல்லு” என்றேன். “சாட்சி வச்சு ஒத்துக்கிடுதேன்.”

“எனக்கு என்ன அண்ணாச்சி வேணும்? நாலு இட்லி சாப்பிட்டாச்சு. ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சாச்சு. படுத்தா பத்து நிமிசம்.”

“சும்மா சொல்லாத. ஏதாவது கேளு.”

“ஒண்ணும் வேண்டாம்.”

தம்பி, நான் எத்தனை மானேஜரோடு பேசியிருக்கிறேன், எத்தனை கலெக்டரோடு பேசியிருக்கிறேன். கோரிக்கையே இல்லாத ஆளோடு எப்படிப் பேச்சுவார்த்தை நடத்துவது? பத்துக் கேட்டால் ஐந்துக்கு இறக்கலாம். ஒன்றும் கேட்காதவனிடம் என்னத்தை இறக்குவது?

அவன் கையெழுத்துப் போடப் போனவன் திரும்பினான். லேசாகச் சிரித்தான்.

“ஆனா ஒண்ணு அண்ணாச்சி. வருசா வருசம் என் டோக்கன் நம்பரைத் தப்பில்லாமப் படிக்கிய. நானே மறந்துட்டேன். போன தடவை என் மருமகப் பிள்ளை ஊருக்கு வந்திருந்தான். மைக் சத்தம் கேட்டு, ‘மாமா, உங்க பேரைச் சொல்லுதாங்களே, ஏதும் விருது குடுக்காங்களா?’ன்னு கேட்டான்.”

“நீ என்ன சொன்னே?”

“ஆமாப்பா, பழைய ஆளுகளை மறக்காமக் கூப்பிடுதாகன்னு சொன்னேன். என் வீட்டுக்காரி எந்திரிச்சு அடுப்படிக்குள்ள போயிட்டா.”

அப்புறம்தான் உள்ளே போனான். அப்போதுதான் நீங்கள் பார்த்தீர்கள்.

அவன் வீட்டுக்காரி பெயர் பேச்சியம்மாள். அன்றைக்குத் திருநெல்வேலிக்கு ஜீப்பில் போனவள். அந்த ஹாஸ்டல் பையன்கள் நாலு பேரின் பெயர் அவனுக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாதாம். அதனால்தான் யாருக்கென்று கேட்காமல் கொடுக்கிறானாம். எஸ்தர் மேடம் சொன்னார். நான் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார்.

வரப்போகிற இன்னும் இரண்டு பேரில் ஒருவர் ரிட்டயர்டு ஏட்டாம். எந்த ஏட்டு என்று நான் கேட்கவில்லை. என் இடது தோள் கேட்க வேண்டாம் என்கிறது.

பாருங்கள், பாருங்கள், ஆயம்மா குழாயை எடுத்துக்கொண்டு ஓடுகிறார். அதுதான் சோதனைக்கு எடுத்த ரத்தம். நோய் ஏதும் இருக்கிறதா, மேதினி ரத்தத்தோடு சேருமா என்று பார்த்த பிறகுதான் பை மேலே போகுமாம். ஒரு மணி நேரமாவது ஆகுமாம். எவ்வளவு அவசரம் என்று கதறினாலும் அதைக் குறைக்க முடியாதாம். அதுவரைக்கும் அந்த ஒரு பை தாங்க வேண்டும். தாங்குமா, தம்பி? நீங்கள் படித்தவர் மாதிரி இருக்கிறீர்கள். ஒரு பை ஒரு மணி நேரம் தாங்குமா?

என் வீட்டுக்காரி தியேட்டர் வாசலில் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். என் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறாள். நூறாவது ஆளுக்கு நான் மாலை போட்டபோது அவளும் அங்கே நின்றாள்.

நான் என்ன செய்வேன்? சொல்லுங்கள். எனக்குக் கொடுக்க ரத்தம் இல்லை. வயது போய்விட்டது. கொடுக்கச் சொல்ல ஆள் இல்லை. அத்தனை பேரையும் ஒரே நாளில் செலவழித்துவிட்டார்கள். செலவழித்தது யார் என்பதை அப்புறம் பார்க்கலாம். என்னிடம் இப்போது இருப்பது குரல் ஒன்றுதான். அதற்குத்தான் சாட்சி தேடினேன். மூன்று பேர். செக்யூரிட்டி பார்த்தேன் என்றார். ஆயம்மா பார்த்தேன் என்றார். நீங்கள் மூன்றாவது.

எங்கே எழுந்திருக்கிறீர்கள்? மச்சான் வந்துவிட்டாரா? வரவில்லையா? பிறகு கட்டைப்பையை ஏன் என் மடியில் வைக்கிறீர்கள்? ஓ. அந்தக் கதவுக்கா? அம்மாவுக்கு நீங்களே கொடுக்கப் போகிறீர்களா? ஊசி என்றால் பயம் போலிருக்கிறதே. பரவாயில்லை. சாப்பிட்டீர்களா? தண்ணீர் குடித்தீர்களா? முதலில் தண்ணீர் குடியுங்கள். இன்றைக்கு உங்கள் பெயரை நான் படிக்க மாட்டேன், தம்பி. கோபித்துக்கொள்ளாதீர்கள். அம்மாவுக்காக ஒரு தடவை யாரும் கொடுப்பான். மூன்று மாதம் கழித்து, உங்களுக்கு யாரும் இந்த ஆஸ்பத்திரியில் படுத்திருக்காத ஒரு நாளில், சும்மா வந்து படுங்கள். அதற்கு அடுத்த மூன்று மாதத்திலும் வாருங்கள். அப்போது படிக்கிறேன். நான் இருந்தால்.

ஒரு நிமிஷம் நில்லுங்கள். கதவு திறக்கிறது. அவன்தான். முழங்கையில் பஞ்சு ஒட்டியிருக்கிறது பாருங்கள். கையில் பிஸ்கட். எனக்கு நீட்டுகிறான். காலையிலிருந்து சாப்பிடவில்லை என்று யார் சொன்னது இவனுக்கு?

என் கையைப் பிடியுங்கள், இந்த பெஞ்சு மேல் ஏறிக்கொள்கிறேன். பரவாயில்லை, விழ மாட்டேன். செக்யூரிட்டி, நீங்களும் இங்கே வாருங்கள். ஆயம்மா. எல்லாரும் இந்தப் பக்கம் திரும்புங்கள். மைக் இல்லை, இருந்தாலும் மாடி வரைக்கும் கேட்கும். கேட்க வேண்டும்.

இந்தக் கதவு வழியாக இவர் உள்ளே போனதைக் கண்ணால் கண்ட சாட்சி மூன்று பேர் இங்கே நிற்கிறார்கள். இந்தப் பெயருக்குப் பின்னால் வழக்கமாக ஒரு சொல் வரும். இன்றைக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டாம். பெயரை மட்டும் கேளுங்கள்.

ரிங் பிரேம் பிரிவு. டோக்கன் நம்பர் நானூற்றுப் பன்னிரண்டு. மாடசாமி மகன் கொம்பையா.